ஒரே விலாசம்

ஸ்க்ராண்டன் நகரில் மல்பெரி தெரு,
நானூற்றுப் பன்னிரண்டு.
பதினேழு வருடம் அந்தக் கதவில்
கடிதம் போட்டவன் நான்.
ஒரு வீடு. பதினொரு பெயர்கள்.
அறைக்கு அறை ஆள் நிரப்பி
வாடகை பார்க்கிறார்கள் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன்.

கோல்ட்டர் மெயினுக்கு, மீசை அரும்பாத பையன்கள்.
லியோரா விண்டுக்கு, ஊதா மையில் இரவு ஷிப்ட் நர்ஸ்கள்.
கேப்டன் ஆர்லோ ஷெங்குக்கு ஒருவர்
செவ்வாய் கிரகத்தின் வரைபடத்தையே திருத்தி அனுப்பினார்.
எல்லாவற்றையும் கைநீட்டி வாங்கிக்கொண்டவர்
எல்வுட் ப்ரூசாக்.
முழங்கை கிழிந்த ஸ்வெட்டர்,
பிளாஸ்திரி சுற்றிய இரண்டு ஆள்காட்டி விரல்கள்.
அந்த இரண்டால்தான் தட்டுவார்.

சொல்லுக்கு ஒரு சென்ட்.
ரொட்டி, ஒன்பது சொல்.
பால், பதினொன்று.
சின்னவளின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க இருநூறு.
ஒரு டன் நிலக்கரிக்கு
ஒரு கொலை, ஒரு துரத்தல்,
கொஞ்சம் மழையும் பெய்யவேண்டும்.
அதனால்தான் அவர் கதைகளில்
யாரும் ஒரே குண்டில் சாவதில்லை.
குதிரையிலிருந்து இறங்கவே
அரைப் பக்கம் எடுத்துக்கொள்வான் கவ்பாய்.
"வாடகை நாள் நெருங்கினால்
என் ஆட்களுக்குத் திக்குவாய் வந்துவிடும்" என்றார் ஒருமுறை.
சிரிக்கவில்லை.

எண்ணுவது இர்மா.
வரிக்குப் பத்து என்று தோராயம் போடமாட்டாள்;
பென்சில் முனையால் ஒவ்வொன்றாய்த் தொட்டு,
பட்டாணி உரிப்பவள்போல.
மூன்றாம் அத்தியாயத்தில் செத்த ஷெரிப்
ஒன்பதாவதில் காப்பி கேட்டதைக்
கண்டுபிடித்தவளும் அவளே.
அடித்துவிடச் சொல்லவில்லை.
செத்தவனுக்கு ஓர் இரட்டைத் தம்பி, என்றாள்.
நானூறு சொல் கூடியது.

நாற்பத்தொன்றில் கோல்ட்டர் மெயினைக் கொன்றார்கள்.
பத்திரிகைக்காரர்களுக்கு அலுத்துவிட்டதாம்.
கறுப்புக் கட்டத்துக்குள் நாலு வரி:
வயோமிங் பனிப்புயலில், குதிரையோடு.
அந்த நாலு வரியையும் ப்ரூசாக்தான் எழுதினார்.
இருபத்தாறு சொல். காசு தரவில்லை.

பிறகு வந்தது பாருங்கள் தபால்,
மூன்று நாள் பையின் வார் என் தோளை அறுத்தது.
காய்ந்த பூக்கள்.
ஒரு குதிரை லாடம், தபால்தலை பாக்கி ஆறு சென்ட்.
நெப்ராஸ்காவின் ஓகலாலாவிலிருந்து
ஆல்டா ஸ்வென்சன் என்றொருத்தி:
"அவர் என் புருஷன்.
இருபத்தொன்பதில் வீட்டைவிட்டுப் போனவர்.
பெயரை மாற்றிக்கொண்டிருக்கலாம்;
ஆற்றைக் கடக்கும் விதத்தை மாற்றவில்லை.
பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து,
கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்.
எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்."

வாசல் படியில் நின்றபடி
அவரே எனக்குப் படித்துக் காட்டினார்.
"அந்த பூட்ஸ்... சும்மா போட்டது" என்றார்.
"அன்றைக்குப் பதினாலு சொல் குறைந்தது."

நாளைக்கு ஆறாயிரம் தட்டுகிறவர்
அந்தப் பதிலுக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்.
ஒன்பது நாளும் அந்த ஜன்னலில் மெஷின் சத்தம் இல்லை.
கடைக்காரன் கடனுக்கு முட்டை கொடுத்தான்.
பத்தாம் நாள் என் கையில் தந்த உறை
இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு.

அதன்பின் மாதம் தவறாமல் முதல் தேதி
ஓகலாலாவுக்கு ஒரு மணியார்டர் போகும்.
உறையை நீட்டும்போது
"முன்னூறு சொல்" என்பாள் இர்மா.
கோபமா என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

அவர் போனபிறகு அலமாரியில்
பதினொரு பேரின் எழுநூறு கதைகள்.
மட்டத் தாள், தொட்ட இடம் உதிர்ந்தது.
எந்த நூலகமும் கேட்டு வரவில்லை.
எனக்கு வேண்டியிருந்ததும் அவையல்ல,
அந்த ஒற்றைத் தாள்.

தபால்காரன் பிரிக்கக்கூடாது. பிரிக்கவில்லை.
ஆனால் தெருவிளக்குக்கு நேரே
ஒருதரம் தூக்கிப் பிடித்தேன்.
அதையும் செய்திருக்கக்கூடாது.
ஒரு ஆற்றின் பெயர் தெரிந்தது.
கரையில் ஏதோ மரம், அதற்கு ஒரு அடையாளம்.
மூன்றாவது வரி
மடிப்புக்குள் போய்விட்டது.